ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு புழு

எலுமிச்சைச் செடியின் இலை ஓரங்கள் பிறை வடிவில் அரிக்கப்பட்டிருந்தால், மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன் கொஞ்சம் குனிந்து தேடிப் பாருங்கள். இலையின் பச்சையோடு பச்சையாக, சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் குட்டையாக ஒரு புழு ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கம் புடைத்து, அதில் இரண்டு பெரிய கண்கள் உங்களையே முறைப்பது போல இருக்கும். நான் முதன்முதலில் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்தது அந்தக் கண்களைத்தான். ஃபோகஸ் கச்சிதமாக விழுந்திருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அவை கண்களே இல்லை. பறவைகளை மிரட்டுவதற்குத் தோள் பகுதியில் இருக்கும் பொம்மைக் கண்கள். நிஜத் தலை அதற்குக் கீழே, ஓட்டுக்குள் இழுத்துக்கொண்ட ஆமைத் தலை மாதிரி பதுங்கிக் கிடந்தது. அந்தத் தலையில் ஒவ்வொரு பக்கமும் ஆறு கண்கள் உண்டு, ஊசிமுனைப் புள்ளிகளாக. என் படத்தில் ஆறும் சேர்ந்து ஒரே பச்சை மங்கல்.

பொம்மைக் கண்ணுக்கும் நிஜக் கண்ணுக்கும் நடுவில் இருந்தது சில மில்லிமீட்டர்தான். ஒன்று துல்லியமாக விழுந்த படத்தில் இன்னொன்று கரைந்துபோக அது போதும். புழுக்களைக் கிட்டத்தில் படம் எடுக்கத் தொடங்குகிறவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்: உங்கள் படத்தில் தெளிவாகத் தெரியப்போகும் பகுதியின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். வீட்டு மேசையில் நாம் வைக்கப்போகும் விளக்கு, காகிதம், கிளிப், குச்சி எல்லாமே அந்த ஒரு மில்லிமீட்டரைச் சமாளிக்கத்தான் வருகின்றன. இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்க வேண்டும், எது வேண்டாம் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அந்த மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது

மேக்ரோ, அதாவது மிக நெருங்கி எடுக்கும் படம் என்றால் "1:1" என்பார்கள். புழுவின் பிம்பம் கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மேல் புழுவின் அளவுக்கே விழுகிறது என்று பொருள். முழு அளவு சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். எனவே 36 மில்லிமீட்டர் நீளப் புழு படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறைந்துவிடும். நன்றாக வளர்ந்த எலுமிச்சைப் புழு அதைவிடச் சற்று நீளம், வால் வெட்டுப்படும். ஆகவே முழு உடலையும் காட்ட 1:1 கூடத் தேவையில்லை. முகம் மட்டும் வேண்டுமென்றால் கதை வேறு. மூன்று மில்லிமீட்டர் அகலத் தலை 1:1-இல் படத்தின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். 6000 பிக்சல் அகலப் படத்தில் அதற்குக் கிடைப்பது 500 பிக்சல்.

சரி, கிட்டத்தில் போனால் ஏன் தெளிவு இவ்வளவு மெலிந்துபோகிறது? புழுவின் மேல் ஒரு புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கிளம்பும் ஒளி கூம்பாக விரிந்து லென்ஸுக்குள் நுழைகிறது, பிறகு இன்னொரு கூம்பாகக் குவிந்து சென்சாரில் புள்ளியாக விழுகிறது. தூரத்து மலையைப் பார்க்கும்போது லென்ஸின் வாய் மலைக்குக் கடுகளவு, கூம்பு கம்பி மாதிரி மெல்லியது. முன்னே பின்னே கொஞ்சம் தள்ளி இருந்தாலும் புள்ளி புள்ளியாகவே இருக்கும். புழுவுக்கோ லென்ஸின் வாய் முகத்துக்கு நேரே திறந்த ஜன்னல். கூம்பு அகலமானது. குவியும் இடத்திலிருந்து ஒரு மயிரிழை விலகினாலே புள்ளி வட்டமாகிவிடும். அந்த வட்டங்கள்தான் நாம் பார்க்கும் மங்கல்.

முழு அளவு சென்சாரில் எஃப் 8 அபெர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி போகும் துளையின் அளவு, எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) வைத்துக் கணக்குப் போட்டால், பாதி அளவுப் பிம்பத்தில் தெளிவின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர் வரும். 1:1-இல் சுமார் 1 மில்லிமீட்டர். அதையும் இரண்டு மடங்காகப் பெரிதாக்கினால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். சாதாரண வெள்ளைத் தாள் பத்தை அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். மூன்று நான்கு தாள் கனத்துக்குள் ஒரு உருண்டைத் தலையின் முகத்தை அடக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள், ஏன் இவ்வளவு பேர் முதல் வாரத்திலேயே சலித்துப்போகிறார்கள் என்பது புரியும்.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. ஒரு ஸ்கேலை லென்ஸின் முன்னால் சாய்வாக நிறுத்தி, உங்களிடம் இருக்கும் கேமரா எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி ஒரு படம் எடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். 1:1-இல் ஒன்றிரண்டுதான் தேறும். அபெர்ச்சரை மாற்றி மறுபடி எடுத்து எண்ணுங்கள். புழுவைத் தேடிப் போவதற்கு முன் இந்த ஸ்கேலோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால், படித்துத் தெரிந்துகொள்வதைவிட அதிகம் தெரியும். ஸ்கேல் நகராது, பொறுமை இழக்காது.

அபெர்ச்சரை இறுக்கினால் கூம்பு மெலியும், தெளிவின் கனம் கூடும். அப்படியானால் எஃப் 32 வரை மூடிவிடலாமே என்று தோன்றும். நானும் செய்தேன். கனம் கூடியது, ஆனால் படம் முழுக்க மென்துணி போர்த்திய மாதிரி இருந்தது. மிகச் சிறிய துளை வழியாகப் போகும் ஒளி ஓரங்களில் வளைந்து பரவுவதுதான் காரணம், பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது. போதாக்குறைக்கு, 1:1-இல் அபெர்ச்சர் எண் நடைமுறையில் இரட்டிப்பாகிறது. எஃப் 16 என்று வைத்தால் அது எஃப் 32 போல நடந்துகொள்ளும். பொதுவாக எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில் நிற்பது நல்லது. 16-ஐத் தாண்டிப் போனால் கனத்தில் கிடைக்கும் லாபத்தைவிடக் கூர்மையில் நஷ்டம் அதிகம்.

ஆக அபெர்ச்சரால் ஓரளவுக்குமேல் உதவ முடியாது. இனி மிச்சமிருக்கும் வழி, அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைக்கிறோம் என்பது. புழுவுக்கு நேர் முன்னால் நின்றால் அதன் நாலு சென்டிமீட்டர் நீளம் முழுவதும் ஆழமாகிவிடும், ஒரு மில்லிமீட்டர் அதற்கு எந்த மூலைக்கு? பக்கவாட்டில் நின்று, சென்சாரும் புழுவின் உடலும் தண்டவாளம் போல இணையாக இருக்கும்படி பார்த்தால், தலை முதல் வால் வரை அதே ஒரு மில்லிமீட்டருக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்தில் வரிசையாக இருக்கும் மூச்சுத்துளைகள், முன்னால் மூன்று ஜோடி நிஜக் கால்கள், நடுவிலும் வாலிலும் சதைப்பிடிப்பான பொய்க்கால்கள், எல்லாம் ஒரே படத்தில் தெளிவாக வரும். செலவே இல்லாத வித்தை இது. செடியில் இருக்கும்போது இதைச் செய்வதுதான் கஷ்டம், ஏனென்றால் இலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று செடி நம்மைக் கேட்பதில்லை. மேசைக்கு வருவதற்கு உண்மையான காரணம் இதுதான். அங்கே இலையை நாம் திருப்பலாம்.

குச்சியைத் திருப்புங்கள், புழுவைத் தொடாதீர்கள்

புழுவை விரலால் பிடுங்கி எடுக்காதீர்கள். பொய்க்கால்களின் அடியில் வளைந்த நுண்கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றால் இலையையும், தான் நெய்து விரித்த பட்டிழையையும் கவ்விப் பிடித்திருக்கும். இழுத்தால் அது விடாது, காயம்தான் படும். புழு உட்கார்ந்திருக்கும் கிளையை ஒரு சாண் நீளத்துக்கு இலைகளோடு நறுக்கி எடுத்துவாருங்கள். அதன் சாப்பாடும் கூடவே வந்துவிடுகிறது. பெரும்பாலான புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்னும், வேறு இலையை வைத்தால் பட்டினி கிடக்கும். எருக்கில் இருந்து எடுப்பதானால் நறுக்கிய இடத்தில் வடியும் பால் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையைக் கழுவிய பிறகே கேமராவைத் தொடுங்கள்.

கிளை வாடாமல் இருக்க, வாய் குறுகிய சிறு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகி வைக்கலாம். பாட்டிலின் வாயைப் பஞ்சால் இறுக்கி அடைத்துவிடுங்கள். இதை நான் ஒரு முறை மறந்துபோனேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் குச்சியில் புழு இல்லை. தண்டு வழியாகவே கீழே இறங்கி, தலைகீழாகத் தண்ணீருக்குள் பாதி உடலோடு தொங்கிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பஞ்சை வைக்காமல் பாட்டிலில் தண்ணீரே ஊற்றுவதில்லை.

படம் எடுக்கும் நேரத்துக்குப் பாட்டில் தேவையில்லை. சாலிடரிங் செய்கிறவர்கள் வைத்திருக்கும் முதலைவாய் கிளிப் தாங்கி ஒன்று இருந்தால் கிளையை எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம். இல்லாவிட்டால் கனமான ஒரு டப்பாவின் விளிம்பில் துணி கிளிப் போதும். அப்புறம் மின்விசிறியை நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத இலை ஆட்டம்கூட 1:1-இல் கடல் அலை மாதிரி தெரியும்.

ஃபோகஸ் செய்வதற்கு லென்ஸில் உள்ள வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். புழு எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று முதலில் வளையத்தில் வைத்துவிட்டு, கேமராவையோ கிளையையோ முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவைப் பிடியுங்கள். ஆட்டோ ஃபோகஸ் இந்த நெருக்கத்தில் முன்னும் பின்னும் தேடித் தவிக்கும், பெரும்பாலும் கண்ணை விட்டு மயிரில் போய் நிற்கும். நான் முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு, இடது கையால் கிளிப் தாங்கியின் அடியைப் பிடித்து, வலது கையில் கேமராவோடு மூச்சை மெல்ல விட்டபடியே நெருங்குவேன். திரையில் ஒரு தெளிவின் அலை புழுவின் முதுகில் ஊர்ந்து தலைக்கு வரும். அது கண்ணைத் தொடும்போது அழுத்த வேண்டும். பத்துக்கு இரண்டு சரியாக வந்தால் நல்ல நாள்.

இருட்டில் தொடங்கும் வெளிச்சம்

எஃப் 11 வைத்தாயிற்று. 1:1-இல் லென்ஸ் நாலில் ஒரு பங்கு ஒளியைத்தான் சென்சாருக்குக் கொடுக்கும். அறை விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் இப்போது கேமராவுக்கு அந்தி நேரம்தான். ஷட்டரை மெதுவாக்கலாமா? நடக்கும் புழு நொடிக்கு 5 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடியில் 100-இல் ஒரு பங்கு ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் 0.05 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 1:1 என்பதால் சென்சார் மேலும் அதே 0.05, அதாவது எட்டுப் பிக்சல். கண்ணின் விளிம்பு கரைந்துபோக அது தாராளம்.

ஃபிளாஷ் இங்கேதான் வருகிறது. கேமராவின் தலையில் மாட்டும் சாதாரண ஃபிளாஷின் சக்தியைக் குறைக்கும்போது, அது எரியும் நேரம் குறைகிறது. பதினாறில் ஒரு பங்குச் சக்தியில் ஏறக்குறைய நொடியில் 10,000-இல் ஒரு பங்கு நேரம்தான் பளிச்சிடும். அந்த நேரத்தில் நம் புழு நகரும் தூரத்தைச் சென்சார் உணரவே முடியாது. கை நடுக்கமும் அப்படியே உறைந்துவிடும். ஆகவே ஃபிளாஷோடு எடுக்கும்போது ட்ரைபாட் கட்டாயமில்லை. வீட்டு ஸ்டூடியோ என்றதும் முதலில் ட்ரைபாட் வாங்க ஓடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

ஷட்டர் நொடியில் 160-இல் அல்லது 200-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ (சென்சார் ஒளியை உணரும் அளவு) 200, அபெர்ச்சர் எஃப் 11 என்று வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். படம் கன்னங்கரேல் என்று வர வேண்டும். வந்தால் அறை விளக்கு உங்கள் படத்தில் தலையிடவில்லை என்று அர்த்தம். இனி அதில் தெரியும் ஒவ்வொரு துளி வெளிச்சமும் நீங்கள் வைத்ததுதான்.

அடுத்த சிக்கல் உடனே வரும். வெறும் ஃபிளாஷில் எடுத்த புழு பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும். தலை ஓடு வழவழப்பானது, அதில் ஃபிளாஷ் ஒரு வெள்ளைப் பொட்டாகப் பிரதிபலித்து, அந்தப் பொட்டுக்குள் இரண்டு மூன்று கண்கள் காணாமல் போய்விடும். வயிற்றுப் பக்கம் கறுப்பு. வெளிச்சம் வரும் பரப்பு சிறியதாக இருப்பதுதான் காரணம். பரப்பைப் பெரிதாக்க டிரேசிங் பேப்பர் போதும். ஆனால் எப்படி வைப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். நான் முதலில் பேப்பரை ஃபிளாஷின் முகத்திலேயே ஒட்டினேன், எதுவும் மாறவில்லை. மாறாது, ஏனென்றால் வெளிச்சம் வரும் பரப்பு அதே சின்னச் சதுரம்தான், முன்பைவிடக் கொஞ்சம் மங்கல், அவ்வளவே. பேப்பரை ஃபிளாஷிலிருந்து ஒரு சாண் தள்ளி, புழுவுக்கு நாலைந்து விரற்கடை பக்கத்தில் கூடாரம் போல வளைத்து நிறுத்துங்கள். இப்போது ஃபிளாஷ் பேப்பர் முழுவதையும் நிரப்புகிறது. புழுவின் கண்ணுக்கு அதுவே வானம். வெள்ளைப் பொட்டு பரந்து மெல்லிய பளபளப்பாக மாறும், உடலின் உருண்டை வடிவம் தெரியும், தோலில் இருக்கும் நுண்புள்ளிகள் எழுந்து வரும். அடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்தால் கால்களுக்கும் வெளிச்சம் போய்ச் சேரும்.

இந்தப் பேப்பர் கூடாரத்தில் செலவிடும் ஒரு மாலை, ஒரு புது லென்ஸைவிட அதிகம் தரும் என்பது என் கட்சி.

கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையங்களோடு எருக்கில் திரியும் புழுவை எடுத்தால் இன்னொரு பாடம் கிடைக்கும். கறுப்பில் விவரம் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினால் வெள்ளை வளையம் வெறும் தாளாகிவிடும். வெள்ளையைக் காப்பாற்றிவிட்டுக் கறுப்பைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் அது எளிது. எரிந்துபோன வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

பின்னணி ஏன் எப்போதும் கறுப்பாக வருகிறது என்று பலர் குழம்புகிறார்கள். வெளிச்சம் தூரத்தின் இருமடியில் குறையும். ஃபிளாஷ் கூடாரத்திலிருந்து புழு 10 சென்டிமீட்டரிலும் பின்னால் சுவர் ஒரு மீட்டரிலும் இருந்தால், சுவருக்குப் போவது நூறில் ஒரு பங்கு. கறுப்பாக வராமல் என்ன செய்யும்? ஒரு வண்ண அட்டையைப் புழுவுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் நிறுத்தினால் நிறம் கிடைத்துவிடும். அட்டையின் சுருக்கமோ கறையோ தெரியாது, நம்மிடம் இருக்கும் தெளிவுதான் ஒரு மில்லிமீட்டர் ஆயிற்றே. பச்சைப் புழுவுக்குப் பச்சை அட்டை வைத்தால் புழு அதில் மூழ்கிவிடும். மங்கிய நீலமோ காய்ந்த புல்லின் நிறமோ எனக்குப் பிடிக்கும். கறுப்புப் பின்னணியை நான் தவிர்ப்பேன். பகலில் இலை தின்னும் ஒரு உயிரை நள்ளிரவில் பிடித்து வந்த மாதிரி இருக்கும். ரசனைதான், சண்டைக்கு வராதீர்கள்.

லென்ஸ் பற்றிக் கொஞ்சம்

இருப்பதை வைத்தே தொடங்குங்கள். கைபேசியின் மேக்ரோ வசதி பெரும்பாலும் அகலக் கோண லென்ஸை வைத்து வேலை செய்கிறது. புழுவுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டியிருக்கும், கைபேசியின் நிழலே அதன் மேல் விழும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து கொடுத்தால் சமாளிக்கலாம். சென்சார் சிறியது என்பதால் தெளிவின் கனம் கொஞ்சம் தாராளமாகவே கிடைக்கும்.

கழற்றி மாட்டும் லென்ஸ் கேமரா இருந்தால் எக்ஸ்டென்ஷன் ட்யூப் எனப்படும் வெற்றுக் குழாய் மலிவான வழி. உள்ளே கண்ணாடியே கிடையாது, லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பது மட்டுமே அதன் வேலை. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸின் மேல் மில்லிமீட்டரில் எழுதியிருக்கும் எண்) வகுத்தால் எவ்வளவு பெரிதாகும் என்று தெரிந்துவிடும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 25 மில்லிமீட்டர் குழாய் பாதி அளவும், 50 மில்லிமீட்டர் குழாய் 1:1-உம் கொடுக்கும். லென்ஸின் முன்னால் திருகும் குளோஸ் அப் கண்ணாடி இன்னொரு வழி. டையாப்டர் என்பது அந்தக் கண்ணாடியின் சக்தியைச் சொல்லும் எண். 8 டையாப்டர் கண்ணாடி என்றால், முடிவிலியில் ஃபோகஸ் வைத்த லென்ஸில் புழு 125 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும், அந்த இடைவெளிக்குள் பேப்பர் கூடாரம் வசதியாகப் பொருந்தும். தனி மேக்ரோ லென்ஸ் வாங்குவதானால் 60-ஐவிட 100 மில்லிமீட்டர் பக்கம் சாயுங்கள். காரணம் இதே இடைவெளிதான். லென்ஸ் புழுவை முட்டிக்கொண்டு நின்றால் வெளிச்சத்துக்கு வழியிருக்காது.

அது தின்னும்போது

புழுவின் நாள் இரண்டே வேலைகளால் ஆனது: தின்பது, தின்றதைச் செரிக்கச் சும்மா கிடப்பது. நடப்பது இடையில் கொஞ்சம். புதிதாக மேசைக்கு வந்த புழு முதலில் நடக்கத்தான் செய்யும், பெரும்பாலும் மேல்நோக்கி. குச்சியின் நுனியை அடைந்ததும் தலையைத் தூக்கிக் காற்றில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துழாவும். நல்ல படம் அது. அப்புறம் குச்சியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், மறுபடி மேலே ஏற ஆரம்பிக்கும். இரண்டு மூன்று முறை போதும், அதற்குமேல் அலையவிட வேண்டாம்.

நடக்கும்போது பின்னாலிருந்து பாருங்கள். வால்பக்கப் பொய்க்கால் முதலில் பிடியை விட்டு முன்னே வைக்கும், அந்த அசைவு ஒரு சுருக்கமாக உடல் வழியே ஓடித் தலைவரை போகும். நடுவில் கால்களே இல்லாமல் உடலை வில்லாக வளைத்து அளந்து அளந்து போகும் புழு கிடைத்தால் அதிர்ஷ்டம், அந்த வளைவு பக்கவாட்டில் எடுப்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

ஆனால் காத்திருந்து பிடிக்க வேண்டியது அது தின்னத் தொடங்கும் நேரத்தை. இலையின் விளிம்பு நேராக நிற்கும்படி நிஜக் கால்களால் இரண்டு பக்கமும் பற்றிக்கொள்ளும். கழுத்தை நீட்டித் தலையை மேலே கொண்டுபோகும். அங்கே ஒரு கணம் நிற்கும். பிறகு தாடைகள் பக்கவாட்டில் கத்தரி போலத் திறந்து மூட, தலை விளிம்போடு கீழே இறங்கி வரும், இறங்கிய வழியில் ஒரு பிறை காணாமல் போயிருக்கும். அடுத்த நொடி தலை மறுபடி மேலே. காதை நெருக்கி வைத்தால் பெரிய புழு தின்னும் நறநறப்புக்கூடக் கேட்கும். இந்த நேரத்தில் அது உங்களைக் கண்டுகொள்ளாது, உடல் அசையாது, தலை எந்தத் தடத்தில் போகும் என்பதும் தெரியும். மேலே நிற்கும் அந்த ஒரு கணத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். பொம்மைக் கண்ணுக்கு அடியில் பதுங்கியிருந்த தலை இப்போது முழுதாக வெளியே இருக்கிறது. என் முதல் உருப்படியான முகப் படம் கிடைத்தது இப்படித்தான்.

சில புழுக்கள் எதையும் தின்னாமல், நகராமல், மெல்லிய பட்டு விரிப்பின் மேல் ஒரு நாளுக்கு மேல் கிடக்கும். தலைக்குப் பின்னால் கழுத்து வீங்கின மாதிரி இருக்கும். அது தோலுரிக்கப்போகிறது. அதன் பிடியைக் கலைத்தால் பழைய தோலிலிருந்து வெளியே வர முடியாமல் செத்துப்போகலாம். கிளையோடு ஓரமாக வைத்துவிடுங்கள்.

எலுமிச்சைப் புழுவைத் தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிரிந்த ஒரு செம்மஞ்சள் கொம்பை வெளியே நீட்டும், கூடவே ஒரு நெடியும் வரும். படத்துக்கு அருமையாக இருக்கும் என்று தூரிகையால் ஒரு முறை சீண்டியிருக்கிறேன். கொம்பு வந்தது. நெடி மாலைவரை மேசையை விட்டுப் போகவில்லை. புழுவோ ரொம்ப நேரம் தின்னாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது, எனக்கு அன்றைக்கு வேறு படமே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சீண்டுவதில்லை.

கிளையோடு சேர்த்து எடுப்பதன் அருமையை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டிருந்தார். 1647-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்த மரியா சிபில்லா மெரியன், 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கியவர். ஒவ்வொரு புழுவையும் அது தின்னும் செடியோடும், கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி நிலைகளோடும் ஒரே தாளில் வரைந்தார். வெள்ளைப் பின்னணியில் புழுவைத் தனியாக நிறுத்துகிறவர்கள் அவருடைய ஓவியம் ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கடித்த தடம் உள்ள இலை ஓரம் படத்தில் இருந்தால், அது எந்தப் புழு என்று பின்னால் கண்டுபிடிக்கவும் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒன்று போதாதபோது முப்பது

புழு நன்றாகத் தின்றுவிட்டு அசையாமல் கிடக்கும் நேரம் அடுக்குப் படத்துக்கு ஏற்றது. கேமராவைத் துளித்துளியாக முன்னே நகர்த்தி ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் மென்பொருள் சேர்த்துக் கோக்கும் முறை இது. ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர், ஃபோட்டோஷாப் எல்லாம் இதைச் செய்யும். ட்ரைபாட் தேவைப்படுவது இங்கேதான். நகர்த்தும் அளவு, தெளிவின் கனத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் மங்கல் பட்டைகள் விழும். 1:1-இல் அரை மில்லிமீட்டராக நகர்த்தினால் 8 மில்லிமீட்டர் பருமன் புழுவுக்குப் பதினாறு பதினேழு படங்கள். முகத்தை இரு மடங்கு பெரிதாக எடுத்தால் முப்பதைத் தொடும். புதிய கேமராக்கள் பலவற்றில் ஃபோகஸைத் தானாகவே படிப்படியாக நகர்த்தி எடுக்கும் வசதி இருக்கிறது. அதில் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக நேரம் விட மறந்துவிடாதீர்கள்.

தூங்குவது போல் இருக்கும் புழுவும் முழுக்க அசையாமல் இருப்பதில்லை. மென்தோல் புழுக்களின் முதுகு நடுவே ஒரு கோடு மெல்ல விம்முவதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் காணலாம். இதயத் துடிப்பு. அதனால் முப்பது படத்தையும் இழுத்தடிக்காமல் சீக்கிரம் முடிப்பது நல்லது. மயிர் நிறைந்த கம்பளிப்பூச்சிகளை அடுக்குவது தனி வேதனை. ஒன்றின் குறுக்கே ஒன்று ஓடும் மயிர்களை மென்பொருள் குழப்பிக்கொண்டு ஓரங்களில் பேய் நிழல் போடும். அவற்றுக்கு ஒரே படம், பக்கவாட்டுக் கோணம், அதுவே மேல்.

அந்த மயிர்க்காரர்களைத் தொடவும் கூடாது. பல கம்பளிப்பூச்சிகளின் மயிர் தோலில் குத்தி ஒடிந்து தடிப்பும் எரிச்சலும் தரும். உடலெல்லாம் முள்கிளையோடு நத்தை போல வழுக்கிப் போகும் பச்சைப் புழுக்கள் சில, விஷம் உள்ளவை. உதிர்ந்த மயிர் மேசையில் கிடந்து பிறகு முழங்கையில் ஒட்டிக்கொண்டதும் எனக்கு நடந்திருக்கிறது. அடியில் ஒரு தாளை விரித்துவிட்டு, முடிந்ததும் அதைச் சுருட்டி எறிந்துவிடுவது சுலபம்.

புழுவைத் திருப்பி அனுப்புவதற்கு முன் படங்களைத் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரை எல்லாவற்றையும் கூர்மையாகக் காட்டி ஏமாற்றும். தலையின் ஓரத்தில் ஆறு புள்ளிகளையும் தனித்தனியாக எண்ண முடிகிறதா? முடியாவிட்டால் கிளை இன்னும் மேசையில்தான் இருக்கிறது, இன்னொரு முறை தின்னும்வரை காத்திருக்கலாம். முடிந்தால், நறுக்கிய கிளையை அதே செடியில் ஒரு கவட்டில் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இலை வாட ஆரம்பித்ததும் புழு தானாகவே பச்சைக் கிளைக்கு ஏறிப்போய்விடும்.